மலையும் நீரும் – 9: மிதக்க டிரம் போதும், கவிழாமலிருக்க அகலம் வேண்டும்

சென்ற வாரம் மலைத் தோட்டங்களில் வெட்டப்படும் குட்டைகளைப் பார்த்தோம். குட்டை வந்ததும் அடுத்த ஆசை, அதில் ஒரு மிதவை மேடை. மீனுக்குத் தீவனம் போடலாம், மோட்டார் வைக்கலாம், விருந்தாளிகள் மாலையில் உட்காரலாம். படகுதான் வேண்டுமென்றால் இங்கே கொல்லிமலையில் வாசலூர்பட்டி படகு இல்லம் இருக்கிறது. சொந்தக் குட்டைக்கு மேடைதான் பொருத்தம். ஆனால் தயாராகக் கிடைக்கும் பிளாஸ்டிக் மிதவைக் கட்டிகளின் விலையைக் கேட்டதுமே பலருக்கு ஆசை அடங்கிவிடும். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிவரும் வண்டி வாடகை வேறு. அவ்வளவு செலவு தேவையில்லை என்பதே என் கட்சி. காலி டிரம், மூங்கில், பலகை போதும். ஆனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மேடையின் அகலத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

டிரம் நம்பத் தகுந்ததா என்று சந்தேகப்படுபவர்கள் திருவாரூரைப் பார்க்கலாம். ஐந்து வேலிப் பரப்புள்ள கமலாலயக் குளத்தில் தெப்பத் திருவிழாவின்போது சுவாமியைச் சுமப்பது காலிப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, மேலே மரச்சட்டம் பரப்பிக் கட்டிய தெப்பம்தான். அலங்கார மண்டபமும் அதில் ஏறும் ஆட்களும் சேர்ந்து எத்தனை பாரம்! இருந்தும் அது நிலையாக நிற்பதற்குக் காரணம், உயரத்துக்கு ஈடான பரந்த அடித்தளம். கேரளத்தின் காயங்குளத்தில் 2022-இல் இயங்கத் தொடங்கிய 92 மெகாவாட் மிதக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் அடிப்படை இதே தத்துவம்தான்: உள்ளே காற்றை அடைத்த பிளாஸ்டிக் கூடுகள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் டிரம் ஒன்று முழுக்க மூழ்கினால் 200 கிலோ தண்ணீரை விலக்கும். எட்டு டிரம் 1,600 கிலோ தாங்கும். பாதிக்கு மேல் மூழ்கவிடாமல் பாரம் ஏற்றுவது நல்லது என்பதால் 800 கிலோ என்று கொள்வோம். டிரம், சட்டம், பலகை எல்லாம் சேர்ந்து 380 கிலோ என்றால் மீதி 420. அதாவது 70 கிலோ எடையுள்ள ஆறு பேர். கணக்கு இத்தோடு முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. ஒரு மீன் துள்ளினால் ஆறு பேரும் ஒரே ஓரத்துக்குப் போவார்கள். மேடை 10 அடி அகலம், இரு ஓரங்களிலும் நான்கு நான்கு டிரம்கள் என்று வையுங்கள். ஆறு பேர் ஓரத்து டிரம்களுக்கு நேர் மேலே நின்றால் அந்த வரிசைக்கு வரும் பாரம் அவர்களின் 420 கிலோவும் மேடையின் பாதி எடையான 190-உம், ஆக 610. அது 800 தாங்கும். மேடை சாயும், கவிழாது. அதே டிரம்களை நடுவில் நெருக்கி, மையத்திலிருந்து ஒன்றரை அடியில் கட்டினால் ஆட்கள் டிரம் வரிசைக்கு வெளியே இரண்டரை அடி தள்ளி நிற்பார்கள். கவிழ்க்கும் பக்கம் 420 × 2.5 = 1,050; எதிர்த்துப் பிடிக்கும் பக்கம் 380 × 1.5 = 570. மேடை புரண்டே தீரும். டிரம்மும் அதே, செலவும் ஏறத்தாழ அதே. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தபோது படகு சாய்ந்தது என்றே அன்று செய்திகள் சொல்லின. அது டிரம் மேடையல்ல, விலை கொடுத்து வாங்கிய படகு.

கோயில் தெப்பம் சில நாளைக்குத்தானே, தோட்டத்து மேடை வருடம் முழுக்க வெயிலில் கிடக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். ஆனால் பலகையை டிரம்மின் மேல் முழுக்க மூடும்படி அடித்தால் பெரும்பகுதி நிழலிலேயே இருக்கும். மூங்கில் நீர்மட்டத்தில்தான் சீக்கிரம் உளுக்கும். அதைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்தி, பழுதானதை மாற்றிக்கொள்ளலாம். மூடியை உச்சி வெயிலில் இறுக்காதீர்கள். உள்ளே சூடான காற்று தண்ணீரில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் நீரை உறிஞ்சிவிடும். காலைக் குளிரில் இறுக்குங்கள், மூடி மேல்பக்கம் இருக்கட்டும். இன்னும் மலிவாகத் தெர்மாகோல் வாங்கலாமே என்பவர்களுக்கு 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைக் குறைக்க வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். கட்டாத மிதவை எதுவானாலும் அதே கதிதான். கரையில் நான்கு பக்கமும் கயிறு கட்டி, கோடையில் நீர் இறங்குவதற்கேற்ப இளக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டையானால் உள்ளே முளை அடிக்கவே கூடாது, விரிப்பு கிழியும்.

கைப்பிடிக் கம்பியிலும் மிதவை அங்கியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய் என்றால் எடுத்துக்கொள்ளலாம். பூச்சிமருந்து டிரம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.