பதினைந்து படி இறங்கி வரும் நொடி

சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி, பின்பக்கக் கறுப்புப் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தால் மூன்று பொருள்கள் கண்ணில் படும். நெல்மணியைவிடச் சற்று நீண்ட வெள்ளிநிறக் குழல், தார்ச்சொட்டு போல உறைந்த ஒரு கறுப்புத் திட்டு, மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். குழலுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. முள்ளை நகர்த்தும் சுருளுக்கோ நொடிக்கு ஒரு துடிப்பு போதும். அத்தனை அதிர்வையும் ஒன்றாகக் குறைப்பது, கறுப்புத் திட்டுக்கு அடியில் இருக்கும் சிப்.

பதினைந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32,768. காரணமாகத்தான் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிளிப்-ஃபிளாப் என்ற சுற்றுக்கு 0, 1 என்று இரண்டே நிலைகள். அதை டாகிள் முறையில் இணைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் நிலை மாறும். பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு துடிப்பு வேண்டும். ஆக, வந்ததில் பாதிதான் வெளியே போகும். அந்த வெளியீட்டை அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பில் துடிப்பு நுழையும் கிளாக் முனையில் கொடுத்தால் கால் பங்கு. இப்படிப் பதினைந்து படி இறங்கினால் மிஞ்சுவது நொடிக்கு ஒன்று. எல்லாருக்கும் பொதுவான கிளாக் இதில் இல்லை; முன்னவன் மாறினால்தான் பின்னவனுக்குச் சேதி. இதுதான் ரிப்பிள் கவுன்ட்டர்.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியலாளர் வின்-வில்லியம்ஸ் 1932-லேயே இந்த வழியைக் கையாண்டார். ஆல்ஃபா துகள்கள் வந்த வேகத்துக்கு இயந்திர எண்ணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. தைராட்ரான் வால்வுகளை அடுக்கிப் பாதி பாதியாகக் குறைத்து, அந்த எண்ணி தாங்கக்கூடிய வேகத்துக்குக் கொண்டுவந்தார்.

பாடப்புத்தகத்தில் இந்தக் கவுன்ட்டரின் பெரிய குறையாகச் சொல்லப்படுவது தாமதம். அது உண்மையும்கூட. நான்கு பிட் கவுன்ட்டர் 7-லிருந்து 8-க்குப் போகும்போது உற்றுப் பாருங்கள்: 0111, 0110, 0100, 0000, அதன் பிறகே 1000. கண நேரம் 6, 4, 0 என்று பொய் எண்கள் தோன்றி மறைகின்றன. வெளியீடுகளை ஒரு கேட்டில் சேர்த்து 'இந்த எண் வந்தால் இதைச் செய்' என்று அமைத்திருந்தால், பொய் எண்ணுக்கும் அது செயல்பட்டுவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில், எல்லாப் படிகளுக்கும் பொதுக் கிளாக் உள்ள ஒத்தியங்கும் கவுன்ட்டரே சரி.

கடிகாரத்தின் கதை வேறு. அங்கே இடையில் வரும் எண்களை யாரும் படிப்பதில்லை. கடைசிப் படியின் துடிப்பு மட்டுமே வேண்டும். ஒரு படிக்கு 100 நானோ நொடி தாமதம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒன்றரை மைக்ரோ நொடிதான். அதுவும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு என்பதால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறுவதே இல்லை. எனக்கு இதைவிட அழகாகப்படுவது மின்சிக்கனம். பதினைந்துக்கும் பொதுக் கிளாக் கொடுத்தால் நொடிக்கு 4,91,520 கிளாக் துடிப்புகள் தேவை. ரிப்பிளில் 65,534 போதும். பின்னால் இருப்பவை பெரும்பாலும் உறங்குகின்றன. சின்ன பேட்டரியில் ஓடும் கருவிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் சிடி4060 சிப்பையும் 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தையும் வாங்குங்கள். அதில் 14 படிகள்தான் உண்டு; 3-ஆம் காலில் எல்இடி நொடிக்கு இருமுறை மினுக்கும். சிடி4013-இல் உள்ள ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் கியூ-பார் காலை அதன் டி காலோடு இணைத்து, அந்தத் துடிப்பைக் கிளாக்கில் கொடுங்கள். எல்இடியை கியூ காலுக்கு மாற்றினால் நொடிக்கு ஒருமுறை மினுக்கும்.