கடலுக்குப் போகும் தண்ணீரும் உல்லமும்

காவிரியில் வெள்ளம் வரும்போதெல்லாம் "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற பேச்சு எழும். விழிதியூர் போன்ற கடைமடை ஊர்களில், தண்ணீர் வந்து சேராமல் பயிர் கருகுவதைப் பார்த்தவர்களின் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் அந்த வெள்ளத்தை நம்பித்தான் ஒரு மீன் கடலிலிருந்து ஆறேறி வந்தது. நம் பக்கம் உல்லம் என்பார்கள். வங்காளிகள் கொண்டாடும் ஹில்சா இதுதான்.

வெள்ளியாய் மினுக்கும் உடம்பு. அடிவயிற்றில் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டினால், ரம்பப் பல் போலச் செதில்கள் குத்தும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நெருக்கமாக மெல்லிய முட்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இவற்றால்தான் வடிகட்டித் தின்கிறது.

உல்லம் வாழ்நாளில் பெரும்பகுதி இருப்பது கரையோரக் கடலில். தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகி, கலங்கல் தண்ணீர் முகத்துவாரத்தைத் தொட்டதும் சினை மீன்கள் எதிரேறத் தொடங்கும். கடலில் இருக்கும்வரை உப்புநீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும். ஆற்றுக்குள் வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாகும்: உப்பைச் செவுள் உள்ளிழுக்கும், மிகுதி நீர் சிறுநீராய்ப் போகும். பெரிய பெட்டை ஒன்று 20 லட்சம் முட்டை வரை இடும். ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும் குஞ்சுகள், சில மாதம் ஆற்றில் வளர்ந்து கடலுக்கு இறங்கும்.

வடதுருவத்துச் சார் மீனும் நன்னீரில்தான் முட்டையிடும். ஆனால் கோடையில் சில வாரம் மட்டுமே கடலில் மேய்ந்துவிட்டு, உறைகுளிருக்கு அஞ்சி ஆற்றுக்கும் ஏரிக்கும் திரும்பிவிடும். அதற்குக் காலம் சொல்வது குளிர், உல்லத்துக்கு வெள்ளம்.

காவிரியில் உல்லத்தின் பெருவழி கொள்ளிடம். 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கீழணை எழுந்ததும் அந்த வழி மறிபட்டது. 1873இல் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி அறிக்கை தந்த பிரான்சிஸ் டே, அணைகள் மீன்களின் பாதையை அடைப்பதை எச்சரித்தார். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் புதுவெள்ளமே சுருங்கியது. முட்டையிடப் போகும் மீனுக்கு வழியும் இல்லை, அழைப்பும் இல்லை.

வங்கதேசம் அக்டோபரை ஒட்டி 22 நாள் உல்லம் பிடிக்கத் தடை விதிக்கிறது. அங்கே பத்மாவும் மேக்னாவும் கடல்வரை ஓடுவதால் அந்தத் தடைக்குப் பலன் உண்டு. இங்கே வலையை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை. பாசனக் கணக்கு போடும்போது, முகத்துவாரம் வரை போகும் ஒரு பங்கையும் செலவாக அல்லாமல் தேவையாக எழுத வேண்டும்.