போட்டதையே போடச் சொல்லும் கம்ப்யூட்டர்!



கம்ப்யூட்டரை மூடப் போகிறீர்கள். 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் ஓர் அறிவிப்பு. புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. நீங்களும் பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் அதே அப்டேட் மறுபடியும் வந்து நிற்கிறது! அதையும் போடுகிறீர்கள். மூன்றாம் நாளும் வருகிறது. கோபம் வருமா, வராதா?

அந்தக் கோபத்தில் பலரும் செய்கிற காரியம், அப்டேட்டே வராமல் நிறுத்தி வைப்பதுதான். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோசில் இருந்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காக, 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓர் அப்டேட் வெளியிட்டது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, 'வான்னாக்ரை' என்ற கெட்ட புரோகிராம் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. உள்ளே இருந்த பைல்களை எல்லாம் பூட்டிப் போட்டு, 'பணம் கொடுத்தால்தான் திறப்பேன்' என்று மிரட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நாள் குறித்திருந்த ஆபரேஷன்கள் தள்ளிப் போயின. சில இடங்களில் ஆம்புலன்ஸ்களையே வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. அந்த அப்டேட்டைப் போட்டு வைத்திருந்தவர்களிடம் அந்த ஓட்டையே இல்லை. இரண்டு மாதமாக மருந்து கையில் இருந்தும் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

அதனால், வாசலில் வந்து நிற்பவரை விரட்டாமல், ஏன் திரும்பத் திரும்ப வருகிறார் என்று விசாரிப்போம்.

வகுப்பில் வருகைப் பதிவேடு எடுப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா? விண்டோசும் அப்படித்தான். மைக்ரோசாப்ட் அனுப்பும் பட்டியலை வைத்துக்கொண்டு, 'இது என்னிடம் இருக்கிறதா, அது இருக்கிறதா' என்று சரிபார்க்கும். இல்லாததை மட்டும் வரவழைக்கும். ஆக, ஒரே அப்டேட் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், 'அது என்னிடம் இல்லை' என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. ஒன்று, பையன் உண்மையிலேயே வகுப்புக்கு வரவில்லை. அல்லது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், பதிவேட்டில்தான் 'ஆப்சென்ட்' விழுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததை எல்லாம் அமுக்கிப் பார்ப்பது வீண் வேலை.

எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'கேபி' என்ற இரண்டு எழுத்தும் அதன் பின்னால் ஓர் எண்ணும் உண்டு. பெரும்பாலும் ஏழு இலக்கம். அதுதான் அதன் பதிவு எண். செட்டிங்சில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய் 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறங்கள். எது, எந்தத் தேதியில் ஏறியது, எது தோற்றுப் போனது என்று வரிசையாக இருக்கும். தொல்லை கொடுக்கிற அப்டேட்டின் எண்ணையும், பக்கத்தில் எரர் எண் இருந்தால் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஏழு இலக்கம் நிற்காது.

இங்கே ஒரு வேடிக்கை. 2267602 என்ற எண் தினமும் வந்துகொண்டே இருக்கும். சில நாள் இரண்டு, மூன்று முறைகூட வரும். இது கோளாறே இல்லை! விண்டோசின் காவலாளியான 'டிபெண்டர்' புதிய வைரஸ்களை அடையாளம் கண்டுகொள்ள அனுப்பப்படும் பட்டியல் அது. எண் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பட்டியல் ஒவ்வொரு முறையும் புதிது. அதன் பெயரோடு சேர்ந்து வரும் 'வெர்ஷன்' எண்ணைப் பார்த்தால் மாறியிருப்பது தெரியும். தினசரிப் பேப்பரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெயர் அதேதான், செய்தி வேறு.

'தோல்வி' என்று போட்டிருந்தால்தான் நமக்கு வேலை. பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டாலோ, யாராவது சுவிட்சை அணைத்துவிட்டாலோ, விண்டோஸ் அரைகுறையாக நிற்காது. செய்ததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 'சி' டிரைவில் இடம் இல்லாவிட்டாலும் இதே கதைதான். இடத்தை ஒழித்துக் கொடுத்தபின், 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். 'ஷட் டவுன்' வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு. விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட் டவுன் செய்யும்போது, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்துக்கொள்கிறது. அது அரைத்தூக்கம். முழுவதும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

சில சமயம் கம்ப்யூட்டர் சொல்லும் காரணமே தப்பாக இருக்கும். 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு 5034441 என்ற அப்டேட் வந்தது. ஏராளமானவர்களுக்கு அது ஏறவே இல்லை. ஒவ்வொரு முறையும் தோற்றது, மறுபடி வந்தது. திரையில் தெரிந்ததோ 80070643 என்று முடியும் ஓர் எரர் எண். 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. அது நமக்குத் தெரியாதா என்ன! உண்மைக் காரணம் வேறு. விண்டோஸ் கெட்டுப்போனால் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள, ஹார்ட் டிஸ்க்கில் மறைவாக ஒரு சிறு அறை உண்டு. அந்த அறையில் 250 எம்பி இடம் காலியாக இல்லாததால்தான் அப்டேட் நுழையவில்லை. 'இடம் போதவில்லை' என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர், எரர் எண்ணைக் காட்டும் பகுதியிலும் பிழை இருந்ததால் வேறு எண்ணைச் சொல்லிவிட்டது. மைக்ரோசாப்டே இதை ஒப்புக்கொண்டது. 'சி' டிரைவில் 100 ஜிபி காலியாக வைத்திருந்தவர்கள்கூடத் தவித்தார்கள். நெருக்கடி அந்தச் சிறிய அறையில் அல்லவா! அந்த அறையே இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு இந்த அப்டேட் தேவையில்லை, எரர் வந்தால் விட்டுவிடலாம் என்றும் அறிவித்தார்கள். எண்ணைக் குறித்து வைத்துத் தேடியவர்களுக்கு இவ்வளவும் கிடைத்தது. இதுபோல டிஸ்க்கின் பிரிவுகளை மாற்றுவது விவரம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. கை தவறினால் அப்பாவின் பைல்களும் அக்காவின் போட்டோக்களும் போய்விடும். நீங்கள் தொட வேண்டாம்.

இடமும் இருக்கிறது, கரண்டும் போகவில்லை, அப்படியும் வருகிறதா? முதலில் விண்டோசிலேயே இருக்கும் 'ட்ரபிள்ஷூட்டர்' வசதியை ஓடவிடுங்கள். பல சமயம் அதுவே சரி செய்துவிடும். இல்லாவிட்டால், இறக்கி வைத்த பைல் கெட்டிருக்கலாம், அல்லது நான் முன்பு சொன்ன பதிவேடு குழம்பியிருக்கலாம். 'விண்டோஸ்' போல்டருக்குள் 'சாப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு போல்டர் இருக்கிறது. இறக்கிய அப்டேட்களும் அவற்றின் கணக்கும் அங்கேதான் இருக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'சர்வீசஸ்' பகுதியில் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, அந்தப் போல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டியதில்லை. சேவையை மறுபடி தொடங்கினால், விண்டோஸ் புதுப் போல்டரை உண்டாக்கி, புதிதாகக் கணக்கெடுத்து, புதிதாக இறக்கிக்கொள்ளும். ஆனால் ஒன்று, அப்டேட் ஹிஸ்டரி பக்கமும் இதனால் காலியாகிவிடும். அதற்காகத்தான் எண்ணை முன்னாலேயே எழுதி வைக்கச் சொன்னேன். அந்த எண் இருந்தால் மைக்ரோசாப்டின் 'அப்டேட் கேட்டலாக்' தளத்தில் தேடி, உங்கள் விண்டோசுக்கு உரியதை நேரடியாக இறக்கியும் போடலாம்.

ஏதோ ஒரு வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'உங்கள் கம்ப்யூட்டருக்கு அவசர அப்டேட், இங்கே அமுக்கவும்' என்று பெட்டி குதித்தால் அது அப்டேட் அல்ல, தூண்டில்! விண்டோசின் அப்டேட்டைச் செட்டிங்சிலேயே பாருங்கள். திருடன் தபால்காரர் உடுப்பில் வருவதும் உண்டு.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதன் பிறகும் வருகின்றன. அப்டேட்டே வரவில்லை என்றால், பிரச்னை தீர்ந்தது என்று சந்தோஷப்படாமல் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள்.

2003ஆம் ஆண்டிலிருந்து, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு இரவு பத்து மணிக்கு மேல். நமக்குக் கணக்கு புதன்கிழமைதான். அன்று சாயங்காலம் ஹோம்வொர்க்கைக் கம்ப்யூட்டரில் கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியில் சார்ஜ் ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு விளையாடப் போங்கள். திரும்பி வந்ததும், எண் ஏறிவிட்டதா என்று ஹிஸ்டரியில் ஒரு பார்வை பார்த்து, நோட்டில் 'டிக்' போட்டுவிடுங்கள்.