ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பினாலும் திரும்பி வந்த சேலம் தொழிலாளி! பிளாட்பாரத்தில் படுப்பது குற்றமா?

பிளாட்பாரத்தில் குடியிருப்பவனுக்கு வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் சேலத்துக்காரரின் சங்கதியைக் கேளுங்கள். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே இது பதிவாகி இருக்கிறது.

அவர் நிலம் இல்லாத கூலித் தொழிலாளி. மழை பொய்த்தது, வேலை போச்சு. 1961-ம் ஆண்டு பிழைப்பு தேடி பம்பாய் போனார். அங்கே ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. தினக்கூலி 23 ரூபாய்.

நெடுஞ்சாலை ஓரத்து பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் சீட்டும் கித்தானும் போட்ட ஒரு கூடாரம். அதற்கு அந்தப் பகுதி தாதா கறந்த தொகை 2 ஆயிரத்து 500 ரூபாய்! அதாவது 108 நாள் கூலிக்கும் மேல். அதற்குள்தான் மனைவி, 3 பெண் குழந்தைகளோடு குடித்தனம்.

பஸ்சில் ஏற்றினர்

1981-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி அன்றைய மராட்டிய முதல்-மந்திரி ஏ.ஆர்.அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "பிளாட்பாரவாசிகள் எல்லோரும் சொந்த ஊருக்கோ, நகருக்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள்" என்பது அதன் சாரம்.

பத்தே நாளில், ஜூலை 23-ந் தேதி மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். கூடாரம் தரைமட்டம். குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கினார்கள். அவரோ மறுபடியும் பம்பாய் திரும்பினார். மறுபடியும் பிளாட்பாரம்! ஊரில் வேலை இருந்தால் அவர் ஏன் திரும்பப் போகிறார்?

கண்ணாமூச்சி

பம்பாய் மாநகராட்சி சட்டம் 1888-ம் ஆண்டில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. அதன் 314-வது பிரிவுப்படி பிளாட்பார ஆக்கிரமிப்பை நோட்டீசு கொடுக்காமலே அகற்றலாம்.

அதிகாரிகள் வந்தால் சந்துக்குள் ஓடுவது, போனதும் பழைய இடத்துக்கே வருவது. இந்தக் கண்ணாமூச்சியை கோர்ட்டும் குறிப்பிட்டது. காரணம் என்ன? வேலை செய்யும் இடம் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பு

இவரும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிசும், வேறு சிலரும் போட்ட வழக்கில் 1985-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி 5 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட்.

பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி. ஆகவே உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றார்கள். இந்த ஏழைகள் விரும்பி ஆக்கிரமிக்கவில்லை, வேறு வழி இல்லாமல் படுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

ஆனால் அதே தீர்ப்பு, பிளாட்பாரத்தில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் சொல்லிவிட்டது! 314-வது பிரிவும் செல்லும். சாதாரணமாக நோட்டீசு கொடுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31-ந் தேதி வரை கை வைக்கக்கூடாது. 1976-ம் ஆண்டு கணக்கெடுப்பு அட்டை உள்ளவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும்.

பாக்கிப் பேருக்கு கிடைத்தது அந்த மூன்றரை மாத அவகாசம்தான்.

லட்சம் பேருக்கு ஒன்று

பிறகு 2010-ம் ஆண்டில், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு இரவுக் காப்பகமாவது வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. இன்று சென்னையிலும் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன.

இருந்தும் இரவு 11 மணிக்கு பாரிமுனை பக்கம் போய்ப் பாருங்கள். கடை வாசல்களில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். விடியற்காலையில் மூட்டை தூக்க வேண்டியவன், வேலை கிடைக்கும் தெருவை விட்டு எட்டிப் போய்ப் படுப்பானா? காப்பகம் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; பெண்டாட்டி பிள்ளையோடு தங்க இடமும் வேண்டும்.

அது இல்லாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டால், சேலத்துக்காரர் செய்ததைத்தான் இவர்களும் செய்வார்கள்!