அபாத்திரன்: சொல்லும் அதனைச் சொல்லுவோரும்

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பது நம் முதுமொழி. இங்குப் பாத்திரம் என்பது இரப்போன் கையிலுள்ள கலமன்று. ஏற்கத் தக்கவன் என்பதே பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் 'பாத்திரன் அல்ல', 'அபாத்திரமாய்' எனக் கூறுவதும் இப்பொருளிலேயே.

ஆனால் மூலமொழிகளில் இது ஒரே சொல்லன்று. ஆதியாகமம் 32:10இல் யாக்கோபின் எபிரெயச் சொல், 'சிறியவன் ஆனேன்' எனப் பொருள்படும். மத்தேயு 8:8இல் நூற்றுக்கு அதிபதி கூறுவது 'இக்கனோஸ்'. போதிய தகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். லூக்கா 15:19இல் இளைய குமாரன் கூறுவது 'ஆக்சியோஸ்'. தராசில் நிறை ஒத்திருத்தலே அதன் அடிக்கருத்து. மூவரும் தம்மைக் குறித்துத் தாமே பேசினர். மூவருள் எவரும் தள்ளப்படவில்லை.

இச்சொல்லைப் பிறர் வாய் கூறுமிடத்து நேர்வதைச் சிதம்பரம் நமக்குக் காட்டுகின்றது. தில்லையில் முத்தியடைந்தார் எனப் போற்றப்படும் மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' என்றார்; அது பக்தியின் தாழ்மை. அதே தில்லையின் எல்லையில், பிறப்பின் காரணமாக உள்ளே புகவியலாது நின்றார் நந்தனார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தின்படி, அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உட்சென்றார். முன்னது தானே கூறிய சொல். பின்னது சமுதாயம் சுமத்திய தீர்ப்பு.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், திருவிருந்து வேளையில் 'நான் அபாத்திரன்' என்று பின்வரிசையிலேயே அமர்ந்துவிடும் எளியோரை நாம் கண்டிருக்கிறோம். 1 கொரிந்தியர் 11:27 அவர்களை அச்சுறுத்துகின்றது. ஆயின், அங்குள்ள 'அனாக்சியோஸ்' என்னும் சொல் வினையுரிச்சொல்லாகும். அது உண்ணும் ஆளையன்று, உண்ணும் முறையையே குறிக்கின்றது. அம்முறை யாதென 21, 22ஆம் வசனங்கள் விளக்குகின்றன: உள்ளவர் முந்தி உண்டனர், இல்லாதவர் பசித்திருந்து வெட்கமடைந்தனர். எளியவனை வெட்கப்படுத்தி உண்பதே அபாத்திரமாய் உண்பது.

ஆகவே, கடைசி வரிசையில் அஞ்சி அமர்ந்திருப்பவரைக் குறித்தன்று, அவரை அங்கே அமர்த்திய நம்மைக் குறித்தே திருப்பவுல் எச்சரிக்கின்றார். தகுதி தேவனால் உண்டாயிருக்கிறது என்று அவரே 2 கொரிந்தியர் 3:5இல் கூறுகின்றார். வெறுங்கலமே நிரப்பப்படும். அதனைக் கவிழ்த்து வைக்க நமக்கு அதிகாரமில்லை.