புண் ஆறியும் வலி ஏன் ஆறவில்லை?

"கொலனோஸ்கோப்பி பார்த்த டாக்டர், குடல் புண் ஆறிவிட்டது என்கிறார். வயிற்றுவலி மட்டும் விடவில்லை. பழைய சோறு சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?" என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்தப் பேச்சுக்கு அடிப்படை உண்டு. குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குத் தமிழக அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. டாக்டர் ஜெஸ்வந்த் தலைமையில் தொடங்கிய வேலை அது. 'ஆராய்கிறார்கள்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுவதற்குள் 'குணமாகிறது' என்று ஆகிவிட்டது. அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

1932-இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் சகாக்களும் விவரித்த கிரோன் நோய், பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், இரண்டும் சேர்ந்ததுதான் குடல் அழற்சி நோய். வரலாறு இவ்வளவு போதும். வலிக்கு வருவோம்.

குடல் சுவரில் ஓடும் வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதக் கதவு இருக்கிறது. மிளகாயின் காரம் திறப்பது இந்தக் கதவைத்தான். 1997-இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக 43 டிகிரி சூடு பட்டால்தான் இது திறக்கும். அழற்சியில் ஊறும் அமிலமும் ரசாயனங்களும் பட்டுவிட்டால் அந்த வரம்பு சரசரவென்று இறங்கி, 37 டிகிரிக்கும் கீழே போய்விடலாம். அதாவது, நம் உடம்பின் இயல்பான வெதுவெதுப்பே கதவைத் திறக்கப் போதும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. புண் ஆறியும் வலி தீராத நோயாளிகளின் குடலில் இந்தக் கதவுள்ள நரம்பு இழைகள் கூடுதலாக இருப்பதை 2010-இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கரும்புக் கொல்லையில் ஒருமுறை திருடன் புகுந்துவிட்டால், காவல் நாய் அப்புறம் சோகை அசைந்தாலும் குரைக்கும். சோறு வைக்கும் எஜமானைப் பார்த்தும் குரைக்கும். அழற்சி கண்ட வலி நரம்பும் அப்படித்தான். வரப்பில் போகிறவர்களில் சிலர் அதன்மேல் கல்லெறிகிறார்கள், சிலர் தட்டிக்கொடுக்கிறார்கள். குடல் பாக்டீரியாக்கள் அந்த வழிப்போக்கர்கள். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் கல்லெறியும் ரகம். அது ஹிஸ்டமினைச் சுரந்து வலியைக் கூட்டுவதை 2022-இல் கனடா ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது எரிச்சல் குடல் என்ற வேறொரு நோய் உள்ளவர்களின் பாக்டீரியாக்களை. அப்படியே இங்கே பொருத்த முடியாது. கிரோன் நோயில் எண்ணிக்கை குறைந்துபோகும் ஃபீக்கலிபாக்டீரியம் தட்டிக்கொடுக்கும் ரகம். அது வெளியிடும் நொதிகள் எலியின் வலி நரம்புகளை அமைதிப்படுத்தின. நாயையே கட்டிப்போட்டால் என்ன? அந்தக் கதவை மூடும் மருந்துகளைச் சோதித்தார்கள். சிலருக்கு உடல் சூடு காய்ச்சலாக ஏறியது. சுடுவதும் சரியாக உறைக்கவில்லை. கொல்லைக்குக் காவல் வேண்டியிருக்கிறதே.

இனி பழைய சோறு. ஆறிய சோற்றில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரை போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. இந்த வழியை நம்பித்தான் வேலூர் சி.எம்.சி.யின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளின் உப்புக் கரைசலில் செரிக்காத ஸ்டார்ச்சைச் சேர்த்து வயிற்றுப்போக்கைக் குறைத்தது, ஆண்டு 2000. அருமையான வேலை. ஆனால் பியூட்டிரேட் வலியைத் தணிக்குமா என்றால், ஆரோக்கியமான மனிதர்களிடம் குடலின் கூருணர்வைக் குறைத்தது, எலிகளிடம் கூட்டியது. இதை வைத்துக்கொண்டு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே நெல்லிக்குப்பம் வாசகரே, பழைய சோறு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயை மட்டும் சில வாரம் விட்டுப் பாருங்கள். குடல் சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் எதை மாற்றுவதானாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலத்தில் கால்புரோடெக்டின் அளவு பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அழற்சி மறுபடி தலைதூக்குகிறதா, நரம்பு மட்டும் கத்துகிறதா என்று பிரித்தறிய அது உதவும். நரம்புதான் என்றால் அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. 'புண்தான் ஆறிவிட்டதே' என்று யாராவது திருப்பி அனுப்பினால், வலி இருக்கிறது என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்லுங்கள்.