கமக்காரர் ஒருவர் செய்த காணிச் சட்டம்

நிலத்தை உழுபவர் ஒருவர். அந்நிலத்தைப் பற்றிச் சட்டம் எழுதுபவர் வேறொருவர். பெரும்பாலும் இதுவே உலக வழக்கம். இதற்கு மாறாக, கமக்காரக் குடும்பத்திலிருந்து வந்து காணிச் சட்டம் செய்த ஒருவரை இவ்விதழில் நினைவுகூருகிறோம். அவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

தமிழ்நாட்டில் திண்டிவனத்துக்கு அருகேயுள்ள ஓமந்தூரில் 1895 பெப்ரவரி 1ஆம் திகதி அவர் பிறந்தார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1947 மார்ச் மாதம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். வள்ளலார் காட்டிய வழியில் எளிமையாக வாழ்ந்த அவர், சிபாரிசுக்கு இடங்கொடாதவர் எனப் பெயரெடுத்தார்.

அன்று மாகாணத்தின் பல பகுதிகளில் சமீந்தாரி முறை நிலவியது. 1802இல் ஆங்கிலக் கம்பனி செய்த ஏற்பாட்டின்படி சமீந்தார் அரசுக்கு நிலையான ஒரு தொகையைக் கட்டுவார். குடியானவர்களிடம் தாம் அறவிடுவார். அரசுக்கு நேரே வரி கட்டிய அயலூர்க் கமக்காரரைவிட இக்குடியானவர்கள் பல இடங்களில் கூடுதலாகச் செலுத்தினர்.

இராமசாமி ரெட்டியாரின் அரசு 1947இல் ஒரு சட்டத்தினால் இந்த அறவீட்டைக் குறைத்தது. 1948இல் இன்னொரு சட்டத்தினால் சமீந்தாரி முறையையே ஒழித்தது. சமீந்தார்களுக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது. குடியானவர்கள் அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெற வழி பிறந்தது.

இதன் குறையையும் சொல்லவேண்டும். பதிவில் உரிமையுள்ள குடியானவருக்கே பட்டா கிடைத்தது. அவர்களுக்குக் கீழே வாரத்துக்கு உழுதவர்களும் கூலிக்கு உழைத்தவர்களும் நிலமின்றியே நின்றனர். நல்ல சட்டமும் ஏட்டில் பெயருள்ளவரையே தேடி வருகிறது.

கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பினால் 1949 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். பின்னர் வடலூரில் அறப்பணிகளில் ஈடுபட்டு, 1970 ஓகஸ்ட் 25ஆம் திகதி காலமானார்.

இந்த வரலாறு திருகோணமலை மாவட்டத்தவரான எமக்கும் உரியது. தென்னமரவாடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு வெளியேறினர். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். அங்கே தடுக்கப்பட்டிருந்த காணிகளில் ஒரு பகுதி 2015இல் விடுவிக்கப்பட்டது. திரும்பிச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது உறுதியும் அனுமதிப்பத்திரமுமே.

தனியார் காணியொன்றை இன்னொருவர் 10 வருடம் தடையின்றித் தமதாக ஆண்டுவந்தால், அதற்கு உரிமை கோர எமது நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. யுத்தத்தினால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. ஆனால் அதன்கீழ் வழக்கிடக் குறித்த காலமே தரப்பட்டது. விடயம் அறிந்தவர்களுக்கே அது பயன்பட்டிருக்கும்.

அரச காணியில் பயிர்செய்யும் பலர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள். நிபந்தனை மீறப்பட்டால் அது இரத்தாகலாம். தமக்குப்பின் உரித்தாளர் யாரென உயிரோடிருக்கும்போதே பதிந்து வைப்பது நன்று.

ஆகவே பத்திரங்களைப் பிரதியெடுத்து வைப்போம். தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் விசாரிப்போம். கிராமக் கூட்டங்களில் காணிப் பேச்சு வரும்போது பின்வரிசையில் இருந்துவிடாதிருப்போம். மண்ணை அறிந்தவர் பேசினால் சட்டமும் மாறும் என்பதற்கு ஓமந்தூரார் சாட்சி.